ஸ்ரான்லி மேடையேற்றிய சைக்கிள்

ஸ்ரான்லி அந்தோனிதாசன் 1988ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் பிறந்தார். தந்தை அந்தோனிதாசன், மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். என் தந்தையின் தம்பி. 1986இல் டென்மார்க் வந்து, இருபத்தொன்பது ஆண்டுகள் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார். தாய் லூர்தம்மா 2011இல் காலமானார். வேறு பிள்ளைகள் இல்லை.

ஸ்ரான்லி ஓகூஸ் நகரில் இசையும் கொப்பன்ஹேகனில் நெறியாள்கையும் படித்தார். பின்னர் ஆறு ஆண்டுகள் ஒப்பரா எனும் இசைநாடக அரங்குகளில் உதவி நெறியாளராக இருந்தார். எந்த இடத்தில் எந்தப் பாடகர் எத்தனை அடி நடந்து நிற்கிறார் என்பதை இசைச்சுவடியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பதும், நெறியாளர் ஊர் திரும்பிய பின் ஒவ்வொரு காட்சியும் அந்தக் குறிப்பின்படி நடக்கிறதா என்று பார்ப்பதுமே அவருடைய வேலை.

2018இல் முதல் வாய்ப்பு வந்தது: அகதிகளைப் பற்றிய ஒரு புதிய டெனிஷ் ஒப்பரா. அது தோற்றால் மறுபடியும் பென்சில்தான் என்று அரங்க நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. அதில் பாடாமல் நிற்பதற்குப் பன்னிரண்டு முதியவர்கள் தேவைப்பட்டார்கள். ஸ்ரான்லி தந்தையையும் அவருடைய தோழர்களையும் அழைத்தார். "என்ர மோன் என்னை மேடையில ஏத்துறான்" என்று சித்தப்பா பூசை முடிந்து வந்த எல்லோரிடமும் சொன்னார்.

அதே மாதம் ஸ்ரான்லி என்னிடம், நான் எழுதிவரும் குடும்பக் குறிப்பேட்டைக் கேட்டார். மூன்று நாள்களுக்குக் கொடுத்தேன். 1985இல் மன்னார் வீதியில் நடந்ததைச் சித்தப்பா எனக்குச் சொல்லி, தாம் இறக்கும்வரை யாரும் படிக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் எழுதுவித்த பக்கமும் அதில் இருந்தது. அதை எடுத்து வைக்காதது என் பிழை.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவே: இராணுவச் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கத் தாமதித்ததற்காக, காலையிலிருந்து நண்பகல்வரை முழந்தாளிட்டு, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வைத்தார்கள். ஊர்ச் சனம் பார்த்துக்கொண்டு போனது. காற்சட்டை நனைந்தது.

ஒத்திகையின் மூன்றாம் நாள் ஒரு சைக்கிள் வந்தது. ஸ்ரான்லி சொன்னபடி சித்தப்பா முழந்தாளிட்டு அதைத் தலைக்கு மேல் தூக்கினார். நாட்டில் பலருக்கும் நடந்ததுதான், மகன் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பான் என்று நினைத்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னார். நான்காம் நாள், உடைகளுக்குப் பொறுப்பான பெண் ஒரு போத்தல் இளஞ்சூட்டு நீருடன் வந்து, அவருடைய காற்சட்டையில் ஊற்ற அனுமதி கேட்டாள்.

சித்தப்பாவின் தோழர்களில் ஒருவரான ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தார். "எங்கட வயசுக்கு அது ஊத்தத் தேவையில்லைப் பிள்ளை, தானா வரும்!" மற்றவர்களும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"இதை ஆரடா உனக்குச் சொன்னது?"

அதுவரை எல்லோருடனும் டெனிஷில் பேசிக்கொண்டிருந்த ஸ்ரான்லி, அருகே வந்து தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "அப்பா, இது வேலையிடம். இதைச் செய்யாட்டி இந்தக் காட்சி ஒண்டுமில்லை. காட்சி இல்லாட்டி நானும் இல்லை."

"இவங்களுக்குத் தெரியுமோ?"

"நீங்கள் சொல்லாட்டித் தெரியாது."

சித்தப்பா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஊத்து" என்று டெனிஷில் சொன்னார்.

முதல் மேடையேற்றத்தில் சித்தப்பாவின் கை தளர்ந்து சைக்கிள் விழுந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. இனி ஒவ்வொரு மேடையேற்றத்திலும் அதே இடத்தில் விழ வேண்டும் என்று ஸ்ரான்லி தம் சுவடியில் குறித்துக்கொண்டார். பத்திரிகைகள் அந்தக் கணத்தைப் புகழ்ந்தன. சித்தப்பா பத்தொன்பது மேடையேற்றங்களிலும் முழந்தாளிட்டார், பத்தொன்பதிலும் நனைந்தார். ஒரு நாளும் பிந்தி வரவில்லை.

நவம்பரில், கடைசி மேடையேற்றம் முடிந்ததும் ஸ்ரான்லி பூங்கொத்துடன் உடைமாற்றும் அறைக்கு வந்தார்.

"அப்பா, ஜேர்மனியிலயும் போடப்போறம். வாறீங்களோ?"

"அங்கை சைக்கிள் தூக்க ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். உங்களை மாதிரி நடுங்கமாட்டினம்."

சித்தப்பா ஈரக் காற்சட்டையை மடித்து உடைப் பெண்ணிடம் கொடுத்து, நன்றி சொல்லி, ரயில் நிலையத்துக்கு நடந்தார். பூங்கொத்து நாற்காலியில் கிடந்தது.

ஸ்ரான்லி இப்போது ஜேர்மனியில் ஓர் ஒப்பரா அரங்கின் நிலையான நெறியாளர். அந்தப் படைப்பு நான்கு நகரங்களில் மேடையேறியிருக்கிறது. வெவ்வேறு முதியவர்கள் சைக்கிளைத் தூக்குகிறார்கள். அவர் திறமையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரக்கமுள்ளவர் என்று எழுத என்னிடம் சான்று இல்லை. சித்தப்பா ஹொல்ஸ்டெப்ரோவில் அதே வீட்டில் இருக்கிறார். மகனுடைய அழைப்பு வந்தால், மணி அடித்து ஓயும்வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தந்தையும் மகனும் பேசாதிருப்பது: ஏழு ஆண்டுகள்.