பத்து நாள் தள்ளி இருந்தவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தேதி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து ஆசிரியர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் தேதி சார். எனக்கு வெறும் தேதி. எதிர் மேசையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

செய்தித்தாளின் நான்காம் பக்கத்தில் இடது ஓரமாக 'இதே நாளில்' என்று ஒரு பத்தி வரும். என்ன நடந்தது, யார் பிறந்தார், யார் மறைந்தார் என்று மூன்று பிரிவு, மொத்தம் இருபத்திரண்டு வரி. ஜனங்கள் பல் துலக்கிக்கொண்டே அதைப் படிப்பார்கள், வாய் கொப்பளிப்பதற்குள் மறந்துவிடுவார்கள். அந்த இருபத்திரண்டு வரிக்காக ஒரு மனிதர் நாள் முழுக்கப் பழைய தாள்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார் என்பது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கட்டுகிறவன் நான்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் நெடுக இழுப்பறைகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளுக்கும் சேர்த்து முந்நூற்று அறுபத்தாறு. ஒவ்வொன்றிலும் அட்டைகள். பிறந்தவருக்கு ஒரு அட்டை, அவரே இறந்துபோனால் வேறொரு இழுப்பறையில் இன்னொரு அட்டை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிறந்த தேதியைக் கேட்பார். கேட்டுவிட்டு, "அடடா, உங்க நாள்லதான் அந்தக் கப்பல் முழுகிச்சு" என்பார். வந்தவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

நான்காம் பக்கம் அவசரப் பக்கம் இல்லை. அதனால் பத்தி பத்து நாள் முன்னாலேயே என் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசிரியர் உத்தரவு. குழப்பம் வரக்கூடாது என்று தேதி தனக்கென்று ஒரு தினசரிக் காலண்டர் வாங்கி, மேசைக்கு மேலே மாட்டி, பத்து நாள் தள்ளியே கிழித்துக்கொண்டு வந்தார். குழப்பம் வராமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாடுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய்.

மகளின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் பத்து நாள் முன்னாலேயே கேக்கோடு போய் நிற்பார். அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது வரை வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் என்றே நினைப்பு. விடுப்பு விண்ணப்பத்தில் அவர் போடும் தேதியைப் பார்த்து நிர்வாகப் பிரிவு பெண்மணி தலையில் அடித்துக்கொள்வார். அவர் மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வீட்டுல நான் தனியாத்தான் இருக்கேன். எங்க வீட்டுக்காரரு பத்து நாள் தள்ளி இருக்காரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது.

தேதிக்கு ஒரு அண்ணன். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயண தூரத்தில் இருந்த ஊரில், ஜன்னலுக்கும் படத்துக்கும் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருந்தார். இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் சொத்தும் இல்லை, பெண்டாட்டிகளும் இல்லை. ஒரு அட்டை.

அவர்கள் அம்மா இறந்த காலையில் தேதி கட்டில் பக்கத்தில்தான் இருந்தார். மூச்சு நின்றதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. அட்டையை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா செத்துக் கெடக்குறா. உனக்குக் குறிப்பு எடுக்கணுமாடா? வெளிய போ."

வெளியே போனவர்தான். என்னிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு அழுகை வரலப்பா. கைதான் என்னமோ பண்ணிச்சு" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளை மாதிரித் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள் என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். "போகலாம், போகலாம், நாள் இருக்கு" என்பார். நாளுக்கா அவரிடம் பஞ்சம்?

அந்த மாதம் எட்டாம் தேதி, வழக்கம்போலப் பதினெட்டுக்கான பத்தியைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். முகம் சுண்டியிருந்தது.

"சுத்த வறட்சிப்பா இந்தப் பதினெட்டு. ஒரு பாலம் தெறந்திருக்காங்க, ஒரு நாட்டுல கொடிய மாத்தியிருக்காங்க. செத்தவங்கள்ல சொல்லிக்கிற மாதிரி ஒருத்தரும் தேறல."

எண்ணிப் பார்த்தேன். இருபது வரிதான். 'மறைவு' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு தாவரவியல்காரர், அவருக்குக் கீழே இரண்டு வரி காலி. வேறு நாளாக இருந்தால் ஏதாவது பூ, கோடு போட்டு அடைத்திருப்பேன். அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. கொஞ்சம் சோம்பேறித்தனமும். வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

பதினொன்றாம் தேதி முற்பகல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணி எழுதியிருந்தார். நான்கே வரி. மேலே தேதிகூடப் போடவில்லை. 'உங்கள் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பிழைப்பது சந்தேகம் என்கிறார்கள். அதற்குள் ஒருமுறை வந்து பாருங்கள்.'

தேதி தலையை நிமிர்த்தித் தன் காலண்டரைப் பார்த்தார். இருபத்தொன்று.

நான் அப்போது கீழே அச்சுக்கூடத்தில் இருந்தேன். மேலே வந்தபோது அவர் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது, பக்கத்தில் கடிதம் பிரித்தபடி. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓடினார் என்றார் காவலாளி. கடிதத்தைப் படித்தேன், காலண்டரைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. பதினெட்டு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது, கடிதம் எங்கேயோ மாட்டிக்கொண்டு தாமதமாக வந்திருக்கிறது என்று மனிதர் முடிவுகட்டிவிட்டார். கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது. கண்ணாடி இல்லாத மனிதருக்கு வழியில் எந்த எழுத்தும் தெரியப் போவதில்லை, பயணச்சீட்டில் அடித்த தேதி உட்பட.

அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு, "போகட்டும் விடுங்க. இன்னும் ஏழு நாள் இருக்குன்னு தெரிஞ்சா அவரு போயிருக்கவே மாட்டாரு" என்றார்.

அங்கே நடந்ததை அண்ணியே பிறகு என்னிடம் சொன்னார். தேதி போய் இறங்கும்போது மாலை வெயில். கடைக் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடி செருப்பு. இழவு வீடு என்றே தேதி நினைத்துவிட்டார். படியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார். அம்மாவுக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்ததோ என்னவோ.

"அண்ணா, நான் பாவிண்ணா! ஒன்பது வருஷம் வீம்பு புடிச்சுக்கிட்டு இருந்துட்டேனே! ஒரு வார்த்தை பேசாம அனுப்பிட்டேனே!"

உள்ளே அண்ணன் கட்டிலில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செருப்புகளெல்லாம் அவரைப் பார்க்க வந்த கடைக்காரர்களுடையவை. தட்டை வைத்துவிட்டு மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தார்.

"யாரு செத்ததுடா?"

தேதி நிமிர்ந்து பார்த்தார்.

"பதினெட்டு... ஆபரேஷன்... முடிஞ்சு போச்சுன்னு..."

"இன்னிக்குப் பதினொண்ணுடா."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரிக்க ஆரம்பித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடா, வயிறு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரித்தபடியே கீழே உட்கார்ந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்றார் அண்ணி.

தேதி திரும்பி வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். பத்து நாள் சரக்கு ஏற்கெனவே என் கையில் இருந்ததால் பத்திரிகைக்கு ஒரு குறையும் இல்லை. கடை சாத்தியிருக்கக் கூடாது என்று திறந்துவைத்து, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இவர் கண்ணாடி வெட்டினாராம். முதல் நாளே மூன்று கண்ணாடிப் பலகை உடைந்து போச்சு. "இருபத்திரண்டு வரி நேரா எழுதுறவனுக்கு ஒரு கோடு நேரா போடத் தெரியலையே" என்று அண்ணன் கேலி செய்தாராம்.

பதினான்காம் தேதி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. தேதிதான்.

"அம்மா அட்டைய எடுத்துப் படிப்பா. அண்ணன் கேக்கணுங்கிறாரு. போனை அவர்கிட்ட குடுக்குறேன்."

அவர் சொன்ன இழுப்பறையைத் திறந்தேன். அரசர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் அடியில், அச்சுக்கு வராத அட்டையாக அது இருந்தது. படித்தேன்.

'காலை ஆறு நாற்பது. மழை. அண்ணன் கால்மாட்டில் இருந்தான். அழவில்லை. அம்மாவின் போர்வையை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.'



"போர்வை," என்றார் அண்ணன். "எனக்கே மறந்து போச்சு." அப்புறம், "இன்னொரு தடவ படிங்க தம்பி" என்றார்.

இரண்டாவது தடவை என்னால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

பதினெட்டு வந்தது. உண்மையான பதினெட்டு. காலையிலேயே அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் அவர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தேதியும் அண்ணியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தேதி வாசலில் அன்றைய தாளை வாங்கி வந்தார். நான்காம் பக்கம். கண்ணாடி இல்லாமல் எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் வரிகள் மனப்பாடம். தன் கையால் பத்து நாள் முன்பு எழுதிய நாள். பாலம், கொடி, தாவரவியல்காரர். அதற்குக் கீழே இரண்டு வரி வெள்ளை. வறண்ட நாள் என்று தான் திட்டிய நாள் இதுதான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாராம்.

ஆபரேஷன் முடிந்து அண்ணனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருமுறை கண்ணைத் திறந்தார். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். தம்பி கையைப் பிடித்தார், பிடி இறுகியிருந்தது. பிறகு தளர்ந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார்.

தேதியின் மற்ற கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில், சுட்டுக்கொண்டவர் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுத்த கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் அமுக்கி வைத்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதுங்க தம்பி."

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார்.

"அவருதான் சொல்லிட்டுப் போனாரு. 'ஏதாவது ஆச்சுன்னா சின்னவன எழுதச் சொல்லு. அவன் எழுதலைன்னா யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது'ன்னாரு. மணியப் பாத்து எழுதுங்க."

பையில் பேனா இருந்தது, அட்டை இல்லை. அவசரத்தில் ஓடி வந்தவரிடம் அட்டை எங்கே இருக்கும்? பெஞ்சிலிருந்த தாளை அண்ணியே எடுத்து வந்து பிரித்துக் கொடுத்தார்.

அந்தத் தாள் பதினெட்டாம் தேதி இழுப்பறையில் இருக்கிறது. நான் பார்த்தேன். என் சோம்பேறித்தனத்தால் விழுந்த அந்த வெள்ளையில், கண்ணாடி இல்லாத கண்ணோடு கோணலும் மாணலுமாக எழுதியிருக்கிறார்:

'பகல் பதினொன்று இருபது. வெயில். தம்பி பக்கத்தில் இருந்தான்.'