சந்தவாசல் எருக்கங்காடு

என் தங்கையை நினைத்தால் அவளுடைய வெள்ளைத் துப்பட்டாவில் பட்ட ஒரு மஞ்சள் கறைதான் முதலில் கண்ணில் நிற்கிறது. எருக்கஞ்செடியிலிருந்து வெட்டுக்கிளிக் குஞ்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள். அது பீய்ச்சியடித்த நீர்தான் அந்தக் கறை. அம்மா திட்டப்போகிறாள் என்றேன். "எருக்கம்பால்ல இருக்கிற வெஷத்தைத் தின்னுட்டு ஒடம்புல வெச்சுகினு இருக்குதுணா. காக்காகூடத் தொடாது" என்று பெருமையாகச் சொன்னாள், ஏதோ அவளே கற்றுக்கொடுத்ததைப் போல.

எங்களுக்கு நிலம் கிடையாது. அப்பா போன பிறகு அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தாள். நான் பள்ளியோடு நின்று ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் சேர்ந்தேன். தங்கை விலங்கியல் முடித்து ஆராய்ச்சிக்குப் போனாள். பூச்சி பற்றிப் படிக்கிறாள் என்றால் எங்கள் தெருவில் எல்லாரும் பட்டுப்புழு என்றே எடுத்துக்கொண்டார்கள். "நம்ம ஊருக்குத் தெரிஞ்ச பூச்சி அது ஒண்ணுதான். அதையும் கூட்டோட வெந்நீர்ல போடத்தான் தெரியும்" என்பாள். அவள் எடுத்துக்கொண்டது எருக்கு. சந்தவாசலுக்கு இந்தப் பக்கம், ஆடுகூட வாய் வைக்காத எருக்கு மண்டிக்கிடந்த ஒரு புறம்போக்குச் சரிவு. விடுமுறை நாளில் நான்தான் பைக்கில் கூட்டிப்போவேன். வெயிலில் வேலமர நிழல் தேடி நான் உட்கார்ந்துவிடுவேன். அவள் செடி செடியாகக் குனிந்து நகர்வாள். இலையின் அடியில் மஞ்சளாய் அப்பிக்கிடக்கும் அசுவினிப் பூச்சி, அதைத் தின்ன வரும் பொறிவண்டு, அதை விரட்ட ஓடிவரும் எறும்பு, வரி வரியாய்ப் பட்டாம்பூச்சிப் புழு, பூவில் ரீங்கரிக்கும் கருவண்டு. எல்லாவற்றுக்கும் நடுவே நீலமும் மஞ்சளுமாய் அந்த வெட்டுக்கிளிகள். "இது செடி இல்லணா, தெரு. இன்னா சண்ட போட்டாலும் எல்லாம் இங்கயேதான் கெடக்கும்" என்றாள் ஒருமுறை.

அந்தக் கோடையில் வடக்கே எங்கோ வெட்டுக்கிளிக் கூட்டம் வயல்களை மொட்டையடிக்கிற வீடியோ ஒன்று எல்லார் செல்போனிலும் சுற்றியது. யாரோ இந்தச் சரிவின் வெட்டுக்கிளிகளையும் படம் பிடித்து அதோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு ஊரே நின்றது. சரிவை ஒட்டி மல்லாட்டையும் கத்தரியும் போட்டிருந்த விவசாயி ஒருவர் முன்னால் நின்றார். நல்ல மனிதர், தாகத்துக்கு அவர் கிணற்றில்தான் தண்ணீர் குடிப்போம். முந்தின போகம் முழுக்க மழையில் அழுகிப்போயிருந்தது அவருக்கு.

"அது வேறங்க, இது வேறங்க. எருக்கு இருக்கிற வரைக்கும் இது ஒங்க பயிரத் தொடாதுங்க. நான் கேரண்டி" என்றாள் தங்கை.

"தொட்டுட்டா நீயாம்மா வந்து சோறு போடுவ? ஒன் படிப்புக்கு நாங்க பயிர வுட்டுட்டு வேடிக்க பாத்துகினு இருக்கணுமா?"

அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அவளுக்கும் அது தெரிந்ததால்தான் ஒதுங்கி வழிவிட்டாள் என்று நினைக்கிறேன். முதலில் மருந்து அடித்தார்கள். பிறகு வெட்டிச் சாய்த்து, காய்ந்த வேலமுள்ளைப் போட்டுக் கொளுத்தினார்கள். பச்சைச் செடி சடசடவென்று பால் கொதித்து எரிந்தது. கருவண்டுகள் புகைக்கு மேலே சுற்றிக்கொண்டேயிருந்தன. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

சில நாள் கழித்து அதே விவசாயி எனக்குப் போன் செய்து, தங்கையைக் கூட்டிவரச் சொன்னார். தீக்குத் தப்பிய வெட்டுக்கிளிகள், தின்ன எருக்கு இல்லாமல், அவருடைய கத்தரியில் இறங்கியிருந்தன. இலைகள் நரம்பு நரம்பாகக் கிழிந்து தொங்கின. காலையில்தான் மருந்து அடித்திருக்கிறார். பாத்தியெங்கும் அவை மல்லாந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. "இன்னாமோ கேரண்டின்னியேம்மா" என்றார் மெதுவாக. எருக்கு இருக்கிற வரைக்கும் என்று அவள் சொன்னது எனக்கு நினைவிருந்தது. வாய் திறக்கப்போனேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டாள். வண்டியில் வரும்போது, "அவரு சொன்னது நெசந்தானேணா. தின்னுட்டுதே" என்றாள். அவ்வளவுதான்.

வேறு இடம் பார்க்கலாம் என்று அவளுடைய பேராசிரியர் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார். ஒருநாள் அவர் சொன்ன இடத்தைப் பார்க்கக் கிளம்பி, படவேட்டு பஸ் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பி வந்தாள். பிறகு போகவே இல்லை. இப்போது சென்னையில், ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற கம்பெனியில் வேலை. தீபாவளிக்குப் போயிருந்தபோது பார்த்தேன்: சாயங்காலம் ஜன்னலோரம் நின்று கொசு அடிக்கிற கரண்ட் மட்டையை வீசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொறி தெறிக்கும்போதும் அவள் முகத்தில் எதுவுமே இல்லை.

போன மாசியில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தினேன். வேரிலிருந்து எருக்கு மறுபடி கிளம்பி என் உயரத்துக்கு நின்றது. சந்தோஷம் தாங்காமல் அங்கிருந்தே அவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எலை எப்பிடிணா கீது?" என்று கேட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு அவசரம்.

"சூப்பரா கீதும்மா. பச்சப் பசேல்னு. ஒரு எலையிலகூட ஓட்டை இல்ல, பூச்சி கடிச்சதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. போனைக் காதில் வைத்தபடியே ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்தேன். அடியில் எருக்கிலைக்கே உரிய வெள்ளை மாவைத் தவிர ஒன்றும் இல்லை; ஓர் எறும்புகூட.

"சரிணா, ஜல்தியா கெளம்பு. மழ வரப்போவுது" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.