மரை தேய்ந்த மூடிகள்

போன மாதம் மதுக்கரையில் ஒரு கல்யாணம். வீடியோ எடுக்க வந்தவர்களில் ஒருவர் நீளக் கம்பு ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கம்பின் நுனியில் நாய்க்குட்டி போல மயிர் போர்த்திய மைக்கு. எல்லோரும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க, நான் கம்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பைச் சுற்றி வந்து தரையில் இறங்க வேண்டிய ஒயரைக் காணோம். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"ஒயரே இல்லீங்க. எல்லாம் காத்துலயே போயிரும்."

போகட்டும். நாம் சாமியிடம் சொல்வதும் காற்றில்தானே போகிறது. ஆனால் எனக்கு அந்த நிமிடமே சோல்டரிங் புகை மூக்கில் ஏறிவிட்டது. அந்தப் புகை சாம்பிராணிக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் சந்தனமும் மல்லிகையும் மணக்கும்போது இந்த மனுசனுக்கு ஈயப் புகை மணக்கிறது, என்ன செய்ய!

எட்டாவதோடு படிப்பு முடிந்து, ரேடியோ ரிப்பேர் கடையில் ஒயர் பற்றவைக்கப் பழகியவன் நான். என் மனைவி சரசுவின் அண்ணன் பொன்னுசாமி மச்சான் ஆவாரம்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுப்பது அவர் பிழைப்பு. அதில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். பட்டறையை ஒட்டியே எங்கள் வீடு.

அங்கேதான் பல வருசத்துக்கு முன்னால் ஒரு நாள், சத்தம் பதிகிற சவுண்டுக்காரத் தம்பி ஒருவர் வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் சினிமா ஷூட்டிங், ஊர் சென்னை. மைக்கின் வாலில் ஒயரை மாட்டுகிற பிளக்கு விரல் நீளம் இருக்கிறது, காற்றுச் சத்தம் படாமல் மைக்குக்குப் போடும் கூண்டுக்குள் அது அடங்கவில்லை, பாதி உயரத்தில் குட்டையாக, ஒயர் பக்கவாட்டில் வருகிற மாதிரி ஒரு டஜன் செய்து தர முடியுமா என்றார். "கறுப்பா இருக்கணும் சார், மினுங்கக் கூடாது. மேல பேரு கீரு எதுவும் வேணாம்." என்ன படம் என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம்.

அவர் போனதும் சரசு ஆரம்பித்தாள். "ஏனுங்க, சின்னதா, கறுப்பா, பேரும் வேண்டாமாம். ஆரூட்டுப் பேச்சையோ ஒட்டுக் கேக்கறதுக்குத்தானுங்க இது. நாளைக்குப் போலீசு நம்மூட்டுக்குத்தான் வரும்."

"வந்தா உன்ர சாம்பார ஒரு கரண்டி ஊத்து அம்மணி. மறுக்கா வரமாட்டான்" என்றார் மச்சான்.

சிரித்தோம். ஆனாலும் அந்தத் தம்பி அளவு பார்க்க விட்டுப் போன மைக்கை எதற்கும் இருக்கட்டும் என்று துணி போட்டு மூடிவைத்தேன். அதற்குக் காது கேட்கிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். ஒயர் மாட்டாத மைக்கு எதைக் கேட்கும்? இருந்தாலும் அதன் முன்னால் சொந்தக்காரர் யாரையும் குறைத்துப் பேசவில்லை.

மச்சான் அலுமினியத்தில் உடம்பும் மூடியும் கடைந்தார். மூடி, மரையில் திருகி மாட்டுகிற மாதிரி. கறுப்புப் பூச்சுக்கு வெளியே கொடுத்து வாங்கினோம். உள்ளே இருக்கும் பின்களில் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தது நான். விநாயகர் முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் அனுப்பினோம்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "சார், கைல புடிச்சா தேனீக்கூடு மாதிரி இரையுது. விட்டா நின்னுடுது. திருப்பி அனுப்பறேன், திங்கக்கிழமை நானே வர்றேன். இதை நம்பித்தான் சார் பழைய ஒயரையெல்லாம் வெட்டிட்டேன்."

டஜனும் பஸ் பார்சலில் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பட்டறையில் பேச்சு குறைந்தது. மச்சான் லேத்தைப் பார்த்தபடி, "ஈயம் சரியா உருகலீன்னா இரையுமாமா மாப்ள?" என்றார். நான் ஒயரைப் பார்த்தபடி, "மரை லூசா இருந்தாக்கூட இரையுமுங்க மச்சான்" என்றேன். அவ்வளவுதான். தினமும் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிடுகிறவர், அன்று வரவில்லை.

சரசு சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, நோம்பி, தீபாவளின்னு வந்தா நான் எந்த ஊட்டுக்குப் போறதுங்க? அண்ணன் இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால் எங்கள் வழக்கப்படி அம்மன் கோயிலுக்குப் பூக்கேட்கப் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். மச்சான் மேல் தப்பில்லை என்றால் வெள்ளை வரட்டும் என்று மனசுக்குள் வேண்டினேன். வெள்ளையே வந்தது.

பூசாரி திருநீறு கொடுத்துவிட்டுச் சிரித்தார். "உங்க மச்சானும் நேத்து வந்து, மாப்ள மேல தப்பில்லீன்னா வெள்ளை குடு தாயின்னு சத்தமாவே கேட்டாருங்க. அவருக்கும் வெள்ளைதான்."

சந்தோசம் வர வேண்டிய இடம். எனக்குக் கோபம் வந்தது. என்னைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறாரே! நான் மட்டும் வேறு காரியத்துக்கு வந்தவன் போல வண்டியை முறுக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். மச்சான் டீ குடிக்கப் போன நேரம் ஒரு பிளக்கை எடுத்து மூடியைத் திருகித் திறந்து மரையை ஆராய்ந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அம்மன் சொன்னதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, சும்மா ஒரு தரம் பார்த்துவிடலாம் என்றுதான். சந்தேகக்காரனுக்கு ஒரு தரம் எங்கே போதும்? கையில் முதலில் அகப்பட்ட இரண்டு மூன்றையே திங்கட்கிழமை வரை திறந்து திறந்து மூடினேன்.

திங்கட்கிழமை தம்பி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகக் கையில் பிடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு ஒன்றில் புருவம் உயர்ந்தது. "இது இரையல சார்." இன்னொன்றும் இரையவில்லை. இரையாதவை ஐந்தாறு தேறின. மூடியைக் கழற்றி அருகருகே வைத்தார். இரைகிறவற்றில் மரை கறுப்பாக இருந்தது. இரையாதவற்றில் மரை மட்டும் பூச்சுப் போய் வெள்ளையாக மின்னியது.

"பூச்சு கரண்டைத் தடுக்குது சார். மூடி எர்த்து இல்லாம தனியா நிக்குது, அதான் கைபட்டா இரையுது. மரை தேய்ஞ்ச இடத்துல உலோகத்தோட உலோகம் தொட்டுடுச்சு. கறுப்பு கேட்டது நான்தான்" என்றவர், தேய்ந்த மூடியைத் திருப்பிப் பார்த்து, "ஆனா இதுங்க மட்டும் எப்படி இவ்ளோ தேய்ஞ்சது?" என்றார்.

நான் மச்சானைப் பார்க்கவில்லை. மச்சான் விட்டத்தைப் பார்த்தார். காப்பி கொண்டுவந்த சரசுதான் பதில் சொன்னாள். "அண்ணன் டீ குடிக்கப் போனா இவரு தெறக்கறது, இவரு கோயிலுக்குப் போனா அண்ணன் தெறக்கறது. சன்னல்ல பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். அவரு ஈயத்தப் பாத்தாரு, இவரு மரையப் பாத்தாரு."

முதலில் சிரித்தது மச்சான்தான். "மாப்ள, நாமளே இன்னும் நாலு நாள் சந்தேகப்பட்டிருந்தா மிச்சத்தையும் சரி பண்ணியிருப்பமே!" மிச்ச மூடிகளின் மரையை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தோம். ஒன்றும் இரையவில்லை. அன்று மச்சான் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். இருவர் மேலும் தப்பில்லை என்று அம்மன் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அந்தத் தம்பி மூலம் பல வருசம் வேலை வந்தது. சரசு இன்றும் எல்லா நோம்பிக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள், நானும்தான். எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மச்சான் கடைந்த சாமானைக் கொடுக்கும்போது, நான் கேட்காமலே அளவுக்கருவியையும் பக்கத்தில் வைப்பார். "அளந்து பாத்துக்குங்க மாப்ள." நானும் பற்றவைத்து முடித்ததும் மூடியைத் திருகாமல் அப்படியே அவர் மேசையில் வைத்துவிடுவேன். "உள்ள பாத்துட்டு நீங்களே மூடிருங்க மச்சான்." அவர் குனிந்து பார்ப்பார், தலையாட்டுவார், மூடுவார். கோபத்தில் செய்தது இல்லை, மரியாதைக்குத்தான். அதற்கு முன்னால், அவர் செய்ததை நானும் நான் செய்ததை அவரும் சரிபார்த்ததே கிடையாது.