கொடைக்கானலில் கிளைமேட் அருமையாம்

இன்று காலை, பக்கத்து வயல் குத்தகைக்காரர் செல்வராசுவின் களத்தில், மழையில் நனைந்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

கொடைக்கானலில் குடியேறிவிட்ட அவருடைய நிலத்துக்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டேன்.

“இங்க கிளைமேட் அருமைப்பா! மழை விட்டபாடில்ல. சொர்க்கம்தான்.”

“இங்கயும் மழைதாங்கய்யா. நெல்லு முளைச்சுப்போச்சு.”

“அடடா. குத்தகை நெல்லுல மட்டும் குறைச்சிடாத.”

“சரிங்கய்யா.”

எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. செல்வராசு கோணியை விரித்து, முளைத்த நெல்லாகப் பார்த்து அள்ளிப் போட்டார்.

“இது யாருக்குங்க?”

“குத்தகைக்குத்தான். மழைன்னா ஐயாவுக்கு உசுராச்சே!”

நானும் கோணியைப் பிடித்துக்கொண்டேன்.

கொடைக்கானலுக்கு லாரி ஓட்டுகிற நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஏற்றுக்கூலி கிடையாது, நாங்களே ஏற்றிவிடுவோம்.