அத்தை உழ விடாத தக்கைப்பூண்டு

அன்று காலை வயலில் இருந்தவர்கள் அம்மா, அத்தை, நான், டிராக்டர்காரர், உழவு தொடங்கும் முன்பே பூச்சி தின்ன வந்து வரப்பில் காத்துக்கொண்டிருந்த கொக்குகள். இல்லாதவர் அப்பா. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் அவருக்கு முதல் ஷிப்ட். உள்ளே போகும்போதே செல்போனை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அத்தை யார் பேச்சுக்காவது கட்டுப்படுவாள் என்றால் அது அவர் பேச்சுக்குத்தான். அவரோ சாயங்காலம்தான் கிடைப்பார்.

அத்தை டிராக்டருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏந்துருக்கா. எனக்கு வேற கிராக்கி கீது," என்றார் டிராக்டர்காரர்.

"என் மேல ஏத்திக்கினு போ. பச்சையா நிக்கிற பயிர மடக்கி உழுவானா எவனாவது? உங்க ஊட்ல சோத்த ஆக்கி மண்ணுல கொட்டுவீங்களா?"

"அதுக்குத்தான் போட்டதே அண்ணி. இது எரு," என்றாள் அம்மா.

"நீ சும்மா கெட. என் தம்பி ஆளு ஒசரம் வளத்து வெச்சிக்கிறான். உங்களுக்குக் கண்ணு பொறுக்கல."

எங்கள் வம்சத்தில் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய நிலம் அது. முக்கால் ஏக்கர். எங்களாலும் வாங்க முடிந்தது என்றால் காரணம் இருந்தது. முந்தைய சொந்தக்காரர் வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் தாளுக்கு நெருப்பு வைத்தவர். கடைசியில் மேல்மண்ணையும் சுரண்டிச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். எங்களுக்கு வந்து சேர்ந்தது அதற்குக் கீழே இருந்தது. வெளுத்த மண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. வெயில் அடித்தால் ஓடாக இறுகும். மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும். "நெலத்த வாங்குனேனா, சிமெண்ட்டு தரையா?" என்று அப்பாவே கேட்டுச் சிரிப்பார்.

வேளாண்மை ஆபீசில், முதலில் மண்ணுக்குச் சாப்பாடு போடுங்கள், அப்புறம் நீங்கள் சாப்பிடலாம் என்று சொல்லித் தக்கைப்பூண்டு விதை கொடுத்தார்கள். விதைத்து, மொட்டு விடுகிற சமயத்தில், தண்டு இளசாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிட வேண்டும். அது மண்ணில் மக்கிய பிறகு நெல் நடலாம். நம் ஊர் வெயிலில் மண்ணுக்குள் போன இலைதழையெல்லாம் சீக்கிரம் கரைந்துவிடும், விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பூண்டு என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, உள்ளே ஓடிவிட்டால் அம்மாவால் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நானும் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பாசமெல்லாம் இல்லை, ஒளிந்து விளையாடும் காடு போய்விடுமே என்ற கவலை.

"பாத்தியா, படிச்ச புள்ளயே என் கட்சி," என்றாள் அத்தை. நான் படித்துக்கொண்டிருந்தது மூன்றாம் வகுப்பு.

"காலங்காத்தால பேஜாரு," என்று டிராக்டர்காரர் வண்டியைத் திருப்பினார். கொக்குகளும் கொஞ்ச தூரம் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின.

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வயல் மூலையில் நெல் நாற்று வளர்ந்துகொண்டிருந்தது. அது முற்றிவிட்டால் நட முடியாது; அந்த வருஷச் சோறு அதில்தான் இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். சண்டை வரும் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அவர் வரப்பில் நின்று பூண்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"இன்னாக்கா இது?"

"இருக்கட்டும்டா. கொஞ்ச நாள் நின்னா இன்னா?"

அப்பா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா கேட்கும்போதெல்லாம், "டிராக்டர் கெடைக்கல" என்றார். பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் இரண்டு டிராக்டர் சும்மா நிற்கிறதே என்று நான் சொன்னேன். "அது ரெண்டும் ரிப்பேரு," என்றார். அதில் ஒன்றில் அன்று காலைதான் பையன்கள் ஏறிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன்.

அந்த நாட்கள் எங்கள் வீட்டுத் திருவிழா. பூண்டு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. தேனீ இரைந்தது. அத்தை போன் போட்டுப் பள்ளிப்பட்டிலிருந்து வரவழைத்த சொந்தக்காரர்கள் பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இது நெல்லா, சோளமா, வெறும் எருவா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அத்தை ஒரு தூக்கு நிறையக் கேசரி கிண்டி, வரப்பில் உட்கார்ந்து, வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தாள். "என் தம்பி நெலம்!" ஷிப்ட் முடிந்து வந்த அப்பா யூனிபார்மோடு அந்தப் பூவுக்குள் நடந்து போய், மறுபக்கமாக வெளியே வருவார். அவரும் ஒளிந்து விளையாடுகிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் அத்தையே, "போதும்டா, கூப்புடு," என்றாள்.

பூண்டு அதற்குள் மரமாகியிருந்தது. நார் சுற்றிச் சுற்றி, டிராக்டர் பின்னால் சுழன்று உழும் ரோட்டவேட்டர் நின்றது, கத்திகள் வளைந்தன. கடைசியில் எல்லாரும் அரிவாளோடு இறங்கினோம். முதல் ஆளாக இறங்கியவள் அத்தைதான். சிரித்துக்கொண்டே வெட்டிச் சாய்த்தாள். பச்சை வாசனை ஊருக்கே அடித்தது. மிதித்து, தண்ணீர் கட்டி, உழுது, மக்க விட்டு, பக்கத்து ஊரில் நாற்று வாங்கி நட்டோம். முற்றிய தண்டு மக்க நாளாகும் என்பதால் அந்தப் போகம் சுமார்தான். ஆனால் அடுத்த கோடையில் மண்வெட்டி போட்டபோது டங்கென்று சத்தம் வரவில்லை. ஒரு மண்புழு கூட வந்தது; அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

நடு என்றால் நட்டு, அறு என்றால் அறுத்து, எத்தனையோ பேர் வயலில் குனிந்தே இருந்தவள் அத்தை. நின்ற பயிரைப் பார்த்து "இருக்கட்டும்" என்று சொல்ல அவளுக்கு அதுவரை ஒரு வயல் வாய்த்ததில்லை. அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு அப்போது தெரியவில்லை. கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் பேரம் பேசுகிற மனுஷன், வாங்கிய நாற்றுக்கும், டிராக்டரின் இரட்டை நேர வாடகைக்கும், வளைந்த கத்திகளுக்கும் சேர்த்து ஏன் வாய் நிறையச் சிரிப்போடு எண்ணிக் கொடுத்தார் என்று மட்டும் யோசித்தேன்.

ஆறாயிரத்து நானூறு ரூபாய்.