பின்னடுப்பில் வைத்த காது

என் மகளின் இடது காதைச் செவிடாக்கியது நான்தான்.

கிருமி என்றார் டாக்டர். உறவுக்காரர்கள் விதி என்றார்கள். நீங்களும் என் முகத்துக்காக அப்படி ஏதாவது சொல்லப் பார்ப்பீர்கள்... வேண்டாம். முதலில் கேளுங்கள்.

ஏற்காட்டில் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சேலத்தில் பிறந்து, தமிழில் படித்து, பிள்ளை பெற்ற பிறகு ஆங்கிலம் பழகியவள். அந்த மேசையில் நான் முதலில் கற்றுக்கொண்டது, ஆட்களைக் காக்க வைப்பது. வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவருக்கு 'ஷார்ட்லி சார்'. பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு 'வீ வில் கெட் பேக் டு யூ'. முடியாது என்று சொல்லவே தேவையில்லை. அவர்களாகவே ஓய்ந்துபோவார்கள். எவ்வளவு வசதி!

அந்த வசதியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

மீனாவுக்கு அப்போது பதினொரு வயது. இங்குள்ள பெரிய பள்ளிகளின் பிள்ளைகள் கடைவீதியில் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன். சாப்பிடும்போது அவள் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். தள்ளிப்போடும் சொல் ஒன்றால் நான் பதில் சொல்வேன். அதை வைத்து அவள் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். புட் ஆஃப், ஆன் ஹோல்ட், ரெயின் செக்... அவசரமில்லாததைப் பின்னடுப்பில் வைப்பதுதான் 'பேக் பர்னர்' என்று விளக்கினேன். கண்கள் விரியக் கேட்டாள்.

தமிழில் கேட்டால்? காதில் விழாததுபோல் சோறு பிசைவேன். ஆமாம்... காதில் விழாததுபோல்!

ஐப்பசி மழையில் அவளுக்கு வலி தொடங்கியது.

"அம்மா, காது அடச்சுக்கிட்டே இருக்குதும்மா."

"மலைல இருக்கறவளுக்குக் காது அடைக்காம பின்ன என்னடி அடைக்கும்? எச்சிலை முழுங்கு. தமிழ்ல சொன்னா எனக்குக் கேக்காது, ஆமா."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது எங்கள் எல்லோருக்கும் காது அடைக்கும். அதை இங்கே யாரும் நோயென்று நினைப்பதில்லை. ஆனால் மீனா பஸ்ஸில் மலை ஏறி இறங்கியே பல வாரம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாதா? தெரியும்... தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள், டாக்டரிடம் போகலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். 'டுமாரோ' என்றேன். பிறகு 'நெக்ஸ்ட் வீக்'. பிறகு 'ஆஃப்டர் த ஹாலிடேஸ்'. காது டாக்டரைப் பார்க்கச் சேலம் போக வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் விடுப்புக் கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார். அவ்வளவுதான் என் இக்கட்டு!

பள்ளி விட்டதும் மீனா ஓட்டலுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அறைகளைச் சுத்தம் செய்யும் சரோஜா, பக்கத்து மலைக்கிராமமான மாரமங்கலத்துக்காரர், ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், மீனாக்கண்ணு காதுல என்னமோ வடியுதுங்க. நொம்ப நாத்தமடிக்குது."

"பாக்கலாம் சரோஜா."

"கெஸ்ட்டுக்குச் சொல்ற பாக்கலாமுங்களா, ஊட்டுப் புள்ளைக்குச் சொல்ற பாக்கலாமுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "மாடி ரூமெல்லாம் கூட்டியாச்சா?" என்று அதட்டி அனுப்பினேன்.

அன்று மீனா தட்டைத் தொடவில்லை. நான் விடவில்லை. பேக் பர்னரை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "மை மதர் ஹேஸ் புட் மை இயர் ஆன் த பேக் பர்னர்."

அம்மா என் காதைப் பின்னடுப்பில் வைத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன்! ஒரு பிழைகூட இல்லை என்று மெச்சினேன். என் கணவரைக் கூப்பிட்டு, அவருக்காக இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

சொன்னாள்.

தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் மலையிறங்கினோம். உள்ளே சீழ் எலும்பை அரித்துவிட்டது என்றார் டாக்டர். "ஏம்மா இத்தன நாள் விட்டீங்க?"

"புள்ள எங்ககிட்டச் சொல்லவே இல்லைங்க" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை...

அறுவைச் சிகிச்சை செய்தார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. கேட்கும் திறன் திரும்பவில்லை.

இப்போது அவளுக்குப் பதினாறு வயது. நான் ஆசைப்பட்டபடியே ஆங்கிலம் அருவியாகக் கொட்டுகிறது. போன ஞாயிறு மதியம், இனியும் தாங்காது என்று அவள் கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன்.

"சாமி, உன் காது விசயமா அம்மா ஒண்ணு..."

"நாட் நவ், அம்மா."

கோபமே இல்லை. பணிவான, இனிமையான குரல். அந்தக் குரல் எனக்குத் தெரியும். விருந்தினர்களிடம் நான் பேசும் குரல் அது.

பிறகு நல்ல காதைத் தலையணையில் அழுத்தி, செவிட்டுக் காது மேலே இருக்கும்படி படுத்துக்கொண்டாள்.

நான் எழுந்து போகவில்லை. சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன், அந்தக் காதிடம்.