மாதம் ஒரு முறை கண்ட்ரோல்

என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை பார்க்கும் ஓர் இந்தோனேசியப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் போனில் சொன்னபோது, நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மீதி இருந்த பதினோரு தாளையும் திருத்திவிட்டுத்தான் அழுதேன்.

நம்ம மார்க்கத்துப் பையன், படித்தவன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்கு உறுத்தியது. என்னோடு ஆங்கிலத்தில் பணிவாகப் பேசினான். ஆங்கிலத்தில் யார் வேண்டுமானாலும் பணிவாகப் பேசலாம். செஞ்சியில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவனவன் பாஷையில் கேட்டால்தான் உண்மை வரும் என்று முடிவு செய்தேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இவளை அடக்கி வைப்பானா, மாட்டானா? மகளுக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு உண்டு. அது வெளியே தெரிந்துபோய் அவலூர்பேட்டைச் சம்பந்தம் ஒன்றும் விழுப்புரத்துச் சம்பந்தம் ஒன்றும் கைவிட்டுப் போயின. அதனால் இந்தப் பையனிடம் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்து, வேலைக்குப் போகாதே, வெளியே போகாதே என்று கடல் கடந்த ஊரில் கதவைச் சாத்திவிட்டால்? நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் அகராதியை இறக்கினேன். கண்ட்ரோல் என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு அவர்களிடம் நாலைந்து சொல் இருந்தன. ஒன்று கெண்டாலி என்பதிலிருந்து வருகிறது, அதாவது கடிவாளம். மெங்குவாசாய் என்று ஒன்று, நாட்டைப் பிடித்து ஆள்வது. என் மகள் குதிரை இல்லை. பிடித்து ஆள்வதற்குக் கோட்டை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பட்டியலின் கடைசியில் கொந்த்ரோல் என்று ஒரு தெரிந்த முகம் நின்றது. வகுப்பைக் கண்ட்ரோல் செய்வதில் பேர் வாங்கியவள் நான். இந்தச் சொல் எனக்குத் தெரியாதா?

"என் மகளைக் கொந்த்ரோல் செய்வீர்களா?" என்று அவன் பாஷையில் எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. ஒவ்வொரு சொல்லாக அகராதியில் போட்டுத் தமிழாக்கினேன்.

"கண்டிப்பாக அம்மா. மாதம் ஒரு முறை. நானே பார்த்துக்கொள்வேன். அவள் வேண்டாம் என்றாலும் விடமாட்டேன். எங்கள் வீட்டில் இது பழக்கம்தான். என் அம்மாவும் அப்பாவுக்குக் கடைசிவரை செய்தார்."

கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

என் கணவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மதியம் சாப்பிட வந்தவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு வாட்டிதானே? மீதி நாள்ல சும்மாதானே இருப்பான்?"

"இன்னா பேசுறீங்க?"

"இல்ல, நீ டெய்லி பண்றியே, அத்த வெச்சி சொன்னேன். ரசம் இருக்குதா?"

ரசம் இருந்தது. நான் ஊற்றவில்லை.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டேன். "இந்தக் கல்யாணம் வேணாம். உன்ன கண்ட்ரோல் பண்ணுவேன்னு எழுத்துலயே குட்த்துட்டான்" என்றேன். படித்துக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அவங்க ஊர்ல கொந்த்ரோல்னா டாக்டர்கிட்ட திரும்பவும் செக்கப்புக்குப் போறது. நம்ம அர்த்தம் இல்ல."

"உனக்கு எதுக்கு செக்கப்பு?"

சிரிப்பு நின்றது. "ஃபிட்ஸுக்குத்தாம்மா."

"அவனுக்குத் தெரியுமா?"

"மொத மாசமே சொல்லிட்டேன். நீ சொல்லாதேன்னு சொன்னதையும் சொல்லிட்டேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானம் அதற்கு முன்னால் வந்துவிட்டது.

மறுநாள் அவனே ஆங்கிலத்தில் எழுதினான். அங்கே பார்க்கிற டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைக் கேட்கிறாராம், இருந்தால் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று. இருந்தன. முதல் சீட்டிலிருந்து எல்லாம் ஒரு பையில் வைத்திருக்கிறேன். எல்லாமே புதுச்சேரியில் காட்டியவை; இங்கே காட்டினால் ஊர் பார்க்கும். பஸ் ஸ்டாண்டில் யாராவது கேட்டால் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லுவேன். ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டி சொன்ன அந்தக் காரணத்தை ஒருவரும் மறுத்துக் கேட்டதில்லை. வரிசையாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

"அம்மா, இவை யாருடையவை? ஒன்றிலும் பெயர் இல்லையே" என்று பதில் வந்தது.

உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பேனாவால் அவள் பெயரை எழுதி, மறுபடியும் படம் எடுத்து அனுப்பினேன். ஏன் இல்லாமல் போயிற்று என்று அவன் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறையும் புதுச்சேரியிலிருந்து வந்ததும், பெயர் இருக்கும் மேல் வரியைப் பிளேடால் நறுக்கி எடுத்துவிடுவேன். யார் கையில் சிக்கினாலும் எங்கள் வீட்டுப் பெண் என்று தெரியக்கூடாது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பதினாறு வயதில் ஒரு நாள், நான் கேட்காமலேயே அவளே பிளேடை எடுத்துவந்து நீட்டினாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.